வெற்று எடை

வெர்னா டிரெலோர் கோதுமைக் கிடங்கில்
எடைமேடை எழுத்தர். முப்பத்தோரு வருடம்.
நிறைந்த லாரி வரும், எழுதுவாள்.
காலி லாரி போகும், எழுதுவாள்.
கழித்தால் கிடைப்பது கோதுமை.
அந்த மிச்சத்தில் அவளுக்கு அக்கறை இருந்ததில்லை.

நாலரைக்கு அறையைப் பூட்டிவிட்டு
பழைய ஹோல்டனில் பதினெட்டு கிலோமீட்டர்,
உப்பேரிக்கு.
மடக்கு மேசை, தெர்மாஸ், ஈக்கு அஞ்சி முகத்தில் வலை.
அதே கரை. அதே முறிந்த வேலிக்கம்பம்
இடது ஓரத்தில்.
இருட்டு வந்து தூரிகையைப் பிடுங்கும்வரை.

அவள் இறந்த ஐந்தாம் வாரம்
போர்ட் அகஸ்டாவிலிருந்து வேனோடு போனேன்,
கலைக்கூடத்துக்காகப் பட்டியலெடுக்க.
தகரக் கொட்டகை. உள்ளே நாற்பத்திரண்டு டிகிரி.
அட்டையில் ஏரி, கம்பளிப் பொதிச் சாக்கில் ஏரி,
அலமாரிக் கதவைக் கழற்றி அதிலும் ஏரி.
ஆயிரத்து நூற்று ஆறு.
சலித்துப்போனேன், மறைப்பானேன்.
நூறுக்குமேல் எண்ணை மட்டும் குறித்தேன்.

மறுநாள் காற்று ஒன்றைக் கவிழ்த்து
முதுகைக் காட்டியது. பென்சில் எழுத்து:
“வடக்குக் காற்று. மழை இல்லை. நீர் இல்லை.
நேற்றைவிடச் சிவப்பு ஒரு கரண்டி குறைவு.”

எல்லா முதுகிலும் இருந்தது.
ஒன்றாம் எண்ணிலிருந்து மறுபடி தொடங்கினேன்.

உப்பு உண்டு, அலை இல்லை.
கடல் எழுந்துபோய்விட்ட நெய்தல் இது.
இரங்கல் உண்டு,
யாருக்கென்று கேட்டால் பதில் இல்லை.

ஒரு பிஸ்கட் டப்பாவில் கடிதம்.
அடிலெய்ட் ஓவிய வணிகர் ரூப்பர்ட் ஃபென்விக்:
“அருமை. ஆனால் ஓர் ஒட்டகம் போடுங்கள், விற்கும்.”
எடைச்சீட்டின் பின்னால் அவள் பதிலின் நகல்:
“வந்தால் போடுகிறேன்.”
அறுநூற்று நாற்பதாம் ஏரியில், அடிவானத்தில்,
நகக்கீறல் அளவுக்கு ஒன்று நிற்கிறது.
வந்திருக்கிறது.
அவருக்கு அதை அவள் அனுப்பவில்லை.

முப்பத்தோரு வருடத்தில் நான்கே தடவை
ஏரியில் தண்ணீர்.
அந்த நான்கு பலகையும் வெள்ளை பூசியதோடு சரி.
பின்னால் மட்டும்:
“நீர். பறவைகள். சும்மா உட்கார்ந்திருந்தேன்.”

விற்றது ஒன்றே ஒன்று, விலை ஒரு டயர்.
வாங்கியவர் லாரிக்காரர் க்ளெம் நோஸ்கே.
படுக்கைக்கு மேலேயோ கூடத்திலோ இல்லை,
லாரியில், இருக்கைக்குப் பின்னால்
துண்டில் சுற்றி வைத்திருந்தார்.
அறுவடை முடிந்ததும் வருடம் ஒரு தடவை
அந்த வேலிக்கம்பத்தில் சாய்த்து வைத்து
இரண்டையும் பார்ப்பாராம்.
“ஒத்துப்போகுமா?” என்றேன்.
“அவள் பக்கம் தப்பு இருக்காது,” என்றார்.
“ஏரிதான் சில வருடம் கொஞ்சம் அசட்டையாக இருக்கும்.”

கண்காட்சிக்கு இரவல் கேட்டேன்.
யோசித்தார். காதைச் சொறிந்தார்.
நவம்பருக்குள் திரும்ப வேண்டும் என்றார்,
அறுவடை இருக்கிறது.

ஊரை விட்டுக் கிளம்பும்போது
என்ன தோன்றியதோ, வேனை எடைமேடையில் ஏற்றினேன்.
வரும்போது காலியாக ஒரு தடவை
ஏற்றியிருந்தேன், வேடிக்கைக்கு.
கழித்தால் நானூற்றுப் பன்னிரண்டு கிலோ.
அவள் நாற்காலியில் இப்போது ஒரு பையன்,
காதில் பாட்டு.
சரக்கு என்னவென்று கேட்டான்.
திரையில் மூன்றே கட்டங்கள்:
கோதுமை, பார்லி, பட்டாணி.

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.
பார்லி என்று போடச் சொன்னேன்.